இலவசத்தின் பெயரால்: மருந்துப் பரிசோதனையும் நோயாளியின் காப்புறுதியும்

வைத்தியசாலை இலவசமாயிருக்கும் நாட்டில், மருந்துப் பரிசோதனைக்கு உட்படும் நோயாளிக்குத் தனியே காப்புறுதி எதற்கு என்று கேட்போர் உளர். அவர்களுட் பலர் நல்லெண்ணம் உடையவர்கள்; இந்நாட்டின் இலவச மருத்துவ சேவையையிட்டுப் பெருமை கொள்பவர்கள். அப்பெருமை நியாயமானதே. ஆயின் அப்பெருமையின் நிழலில் நின்றுகொண்டு வேறொரு சாரார் தமது செலவுக் கணக்கைக் குறைத்துக்கொள்கின்றனர் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. பொதுமக்களின் வரிப்பணத்தில் இயங்கும் வைத்தியசாலை, பல்தேசிய மருந்துக் கம்பனிகளுக்குச் சம்பளமில்லாக் காப்புறுதி முகவராக மாறிவிட்டிருக்கின்றது. இவ்வேற்பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதப்படாததனாலேயே இதுவரை இது கேள்விக்கு உட்படவுமில்லை.

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் வீதியில் கட்டுகஸ்தோட்டையைக் கடந்து சென்றால் வருவது அக்குறணை. தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் வர்த்தக ஊர். பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் கடைகளுக்குள் வெள்ளம் புகும். 2020 மார்ச் இறுதியில், கொரோனாத் தொற்றின் முதற்கட்டத்திலேயே, நாட்டில் முற்றாக முடக்கப்பட்ட முதல் ஊர்களுள் இதுவும் ஒன்று. இவ்வூரின் ஏழாம் கட்டையில், கடைச் சிப்பந்தியாக வேலை பார்த்து ஓய்ந்த முதியவர் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். இரத்த அழுத்தமும் சீனி வியாதியும் உடையவர். மாதமொரு முறை விடியுமுன் பஸ் ஏறிக் கண்டி தேசிய வைத்தியசாலையின் கிளினிக்குக்குச் சென்று, கொப்பியைக் கொடுத்து, இலக்கம் பெற்றுக் காத்திருப்பவர். ஒரு நாள் அவரிடம் புதிய மருந்தொன்றைப் பற்றிச் சொல்லப்படுகின்றது. பல பக்கச் சம்மதப் பத்திரம் ஒன்று நீட்டப்படுகின்றது. அது தமிழிலே இருக்கக்கூடும். இருந்தாலும், அது எந்தத் தமிழ் என்பது வேறு விடயம். மருந்து இலவசம், பரிசோதனைகள் இலவசம், பஸ் செலவும் தரப்படும் என்கிறார்கள். அவர் கையொப்பமிடுகின்றார்.

அம்மருந்தினால் அவரது சிறுநீரகம் பழுதடைந்தால் என்ன நடக்கும்? இக்கேள்வியை அவர் கேட்பதில்லை. கேட்டாலும், "ஏதும் நடந்தால் இங்கேயே பார்த்துக்கொள்வோம்" என்ற பதிலே கிடைக்கும். அப்பதில் மனமறிந்து சொல்லப்பட்ட பொய்யன்று. வைத்தியர் உண்மையாகவே பார்த்துக்கொள்வார். ஆனால் யாருடைய செலவில்?

அரசாங்க ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதித் திட்டம் உண்டு. பெருங்கம்பனி ஊழியருக்கு அவரது கம்பனி ஏதேனும் ஒன்றைச் செய்துவைத்திருக்கும். கடைச் சிப்பந்திக்கும், சந்தையில் மரக்கறி விற்பவருக்கும், வீட்டிலிருந்து தையல் வேலை செய்யும் பெண்ணுக்கும் எதுவுமில்லை. வட்டி கலந்ததென்ற காரணத்தால் வழமையான காப்புறுதியை மார்க்க ரீதியாகத் தவிர்ப்போரும் இவ்வூரில் உளர். அவர்களுக்கென்று வந்த தகாபுல் முறையும் வசதியுள்ளவரின் வாசலைத் தாண்டி அதிகம் உள்ளே போகவில்லை. இத்தகைய குடும்பமொன்றில் ஒருவருக்குச் சிறுநீரகமோ இருதயமோ பழுதுபட்டால், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் வெளியே வரும்போது பள்ளிவாசல் வாசலிலே விரிக்கப்படும் துண்டுதான் அவரது காப்புறுதிப் பத்திரம். அயலவர் ஒருவரின் துயருக்காக நூறும் ஐந்நூறுமாகப் போடப்படும் அப்பணத்தைக் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆனால் மருந்துக் கம்பனியொன்றின் பரிசோதனையால் விளைந்த கேட்டுக்கும் அதே துண்டுதான் விரிக்கப்பட வேண்டுமா என்பதே இங்கு எழும் கேள்வி.

இது வெறுங் கற்பனை அச்சம் என்று தள்ளிவிட முடியாது. இலங்கை நோயாளர் உலக மருத்துவத்துக்குத் தம்மைத் தந்து வருவது நீண்டகாலச் செய்தி. 2016 பெப்ரவரிக்கும் 2017 மே மாதத்துக்கும் இடையில், இந்நாட்டின் நகர்ப்புற வைத்தியசாலைக் கிளினிக்குகள் பதினொன்றில் 700 இரத்த அழுத்த நோயாளர் ஒரு பரிசோதனையிற் சேர்க்கப்பட்டனர். மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாக்கிக் கொடுத்துப் பார்த்த பரிசோதனை அது. அவுஸ்திரேலியாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோர்ஜ் நிறுவனம் அதனை முன்னின்று நடத்திற்று. ஆறு மாத முடிவில், குளிசை பெற்றோரில் 70 சதவீதத்தினரும் வழமையான சிகிச்சை பெற்றோரில் 55 சதவீதத்தினரும் உரிய அழுத்த அளவை அடைந்தனர். நல்ல முடிவு, உலகெங்கும் பேசப்பட்ட முடிவு. மூன்றிலொரு மருந்து மாற்றப்பட்ட அதே வகைக் குளிசையொன்றுக்கு, அந்நிறுவனத்திலிருந்து கிளைத்த கம்பனி 2025 ஜூன் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் அனுமதியைப் பெற்றுக்கொண்டது. இதே போல, 2016இல் தொடங்கிய டெங்குத் தடுப்பூசிப் பரிசோதனையொன்று, ஜப்பானியக் கம்பனியான தக்கேடாவினால் எட்டு நாடுகளில் ஏறத்தாழ 20,000 சிறுவர்மீது நடத்தப்பட்டது. அவ்வெட்டு நாடுகளில் இலங்கையும் ஒன்று. அச்சிறுவர்கள் நோயாளர் அல்லர், நலமாயிருந்த பிள்ளைகள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இப்பரிசோதனைகள் நடந்தது தவறென்பதன்று இங்கு வாதம். நடக்கத்தான் வேண்டும். நடப்பதன் சுமை எவர் தோளில் ஏற்றப்படுகிறது என்பதே வாதம்.

இச்சுமையை இரு கூறாகப் பிரித்து நோக்குதல் வேண்டும். ஒன்று, பரிசோதனையிற் சேராதிருந்தாலும் அந்நோயாளிக்கு ஆகக்கூடிய வழமையான செலவு: கட்டில், தாதியர், இரத்தப் பரிசோதனை, ஏனைய மருந்துகள். மற்றையது, பரிசோதனையாலேயே விளையும் செலவு. அதிகப்படியான சோதனைகளும், எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மருந்து தீங்கிழைத்தால் அதற்கான சிகிச்சையும் நட்டஈடும் அதில் அடங்கும்.

ஐக்கிய அமெரிக்காவில் இப்பிரிப்பு பெரும் போராட்டமாக வெடித்தது. பரிசோதனையிற் சேர்ந்துவிட்டார் என்ற ஒரே காரணத்தைக் காட்டி, புற்றுநோயாளியின் வழமையான செலவையும் தரமாட்டோமெனக் காப்புறுதிக் கம்பனிகள் கைவிரித்தன. 2000 ஜூன் மாதத்தில் ஜனாதிபதி கிளின்டன் முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதி அவ்வழமைச் செலவை ஏற்க வேண்டுமெனப் பணித்தார். 2010இன் சுகாதாரச் சட்டம் தனியார் காப்புறுதிக்கும் அதனை விதியாக்கிற்று. அது 2014இல் நடைமுறைக்கு வந்தது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டம் முழுவதற்கும் அது விதியானது 2022 ஜனவரியிலேதான். செல்வந்த நாட்டில் ஏழையின் முறை கடைசியாக வந்தது என்பதில் வியப்பேதுமில்லை.

அங்கு செலவு நோயாளியின் கைக்குப் பட்டியலாக வந்தது. ஆதலால் அவன் கூக்குரலிட்டான், சட்டம் பிறந்தது. இங்கு பட்டியலே வருவதில்லை. பட்டியல் வராதவிடத்துச் செலவே இல்லை என்ற மயக்கம் உண்டாகின்றது. கம்பனியின் மருந்தால் மயங்கி விழுந்த நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவிற் கிடக்கும் பத்து நாட்களுக்கும் மின்சாரத்திலிருந்து தாதியின் மேலதிக நேரக் கொடுப்பனவு வரை யாவும் பொதுப்பணமே. அக்கட்டில் வேறொரு நோயாளிக்கு இல்லாமற்போகின்றது. அந்த வேறொருவரின் பெயர் எந்தப் பரிசோதனைப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை.

அப்பொதுப்பணத்தின் நிலை யாதென்பது கண்டி மாவட்ட மக்களுக்கு மறந்திருக்க முடியாது. 2022 மார்ச் இறுதியில், மயக்க மருந்து உள்ளிட்ட அத்தியாவசிய மருந்துகள் இல்லாமையால், பேராதனைப் போதனா வைத்தியசாலையில் அன்றாட அறுவைச் சிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. இந்திய வெளிவிவகார அமைச்சரே கவலை தெரிவிக்குமளவுக்குச் செய்தி பரவிற்று. அடுத்த மாதம் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது. "ஏதும் நடந்தால் இங்கேயே பார்த்துக்கொள்வோம்" என்ற வாக்குறுதியின் பெறுமதி அந்த வாரத்தில் எவ்வளவாயிருந்தது? காப்புறுதி செய்பவரே வங்குரோத்தடையும் நாட்டில், காப்புறுதி வேண்டியதில்லை என்று சொல்வது விந்தையான தர்க்கம்.

கம்பனியும் வங்குரோத்தடையலாம் என்பதற்கு இலண்டன் நகரம் சாட்சி. 2006 மார்ச் 13ஆந் திகதி, நோர்த்விக் பார்க் வைத்தியசாலை வளாகத்தில் இயங்கிய தனியார் பரிசோதனை நிலையமொன்றில், ஆரோக்கியமான இளைஞர் ஆறு பேருக்கு டிஜிஎன் 1412 என்ற புதிய மருந்து ஏற்றப்பட்டது. சில மணி நேரத்தில் அறுவரும் உயிராபத்தான நிலையை அடைந்தனர். ஒருவர் விரல்களை இழந்தார். அறுவரையும் உயிரோடு மீட்டது பிரித்தானிய அரசாங்கத்தின் இலவச மருத்துவ சேவை. மருந்தை உருவாக்கிய டெஜெனெரோ என்ற சிறு ஜேர்மன் கம்பனியோ சில மாதங்களிலேயே முறிந்துபோயிற்று. அதன் பெயரில் இருந்த காப்புறுதி 20 இலட்சம் பவுண். ஆறு இளைஞரின் எஞ்சிய ஆயுட்கால மருத்துவத்துக்கும் உழைப்பிழப்புக்கும் அது போதுமா என்ற வழக்காடல் தொடர்ந்தது. அவ்வளவேனும் இருந்ததாற்றான் வழக்காட ஒரு பொருளாவது இருந்தது.

பக்கத்து நாடு சொல்லும் பாடம் இன்னும் நெருக்கமானது. 2005 முதல் 2012 வரை இந்தியாவில் நடந்த புதிய மருந்துப் பரிசோதனைகளின்போது 2,644 பேர் இறந்தனர் என்றும், அவற்றுள் 80 மரணங்களே பரிசோதனையால் விளைந்தவை என்றும் இந்திய அரசாங்கம் 2013இல் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. கடும் நோயாளரும் பரிசோதனைகளிற் சேர்கின்றமையால் மரணம் யாவும் மருந்தின் குற்றமென்பது பொருந்தாது. ஆனால் 2,644க்கும் 80க்கும் இடையிற் கோடு கிழித்தவர் யார்? பெரும்பாலும் அப்பரிசோதனையை நடத்திய வைத்தியரும் அவருக்குப் பணம் கொடுத்த கம்பனியும் அனுப்பிய அறிக்கைகளே அக்கோட்டுக்கு அடிப்படை. அந்நீதிமன்றத்தின் கண்டனத்துக்குப் பின்னர் 2013இலும், மேலும் விரிவாக 2019இலும் இந்தியா விதிகளை இயற்றிற்று. பரிசோதனையிற் பங்குபற்றுபவருக்கு ஏற்படும் பாதிப்பு பரிசோதனையோடு தொடர்பற்றதென நிறுவப்படும் வரை, அவருக்குரிய மருத்துவத்தை அனுசரணையாளர் இலவசமாக அளிக்க வேண்டுமென்பது அவ்விதிகளுள் ஒன்று. மேலோட்டமாக நோக்கின் சிறு திருத்தம். ஆனால் நிரூபிக்கும் பாரத்தை நோயாளியின் முதுகிலிருந்து இறக்கிக் கம்பனியின் முதுகில் ஏற்றிய திருத்தம்.

விதி இருந்தும் நோயாளி எவ்வளவு தனிமைப்படுகிறான் என்பதைச் சென்னையில் 2020இல் காண முடிந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் கொரோனாத் தடுப்பூசிப் பரிசோதனையில் ஊசி ஏற்றிக்கொண்ட ஒருவர், தமக்கு நரம்பு சார்ந்த கடும் பாதிப்பு ஏற்பட்டதெனக் கூறி ஐந்து கோடி ரூபா நட்டஈடு கோரி அறிவித்தல் அனுப்பினார். ஊசியைத் தயாரித்த சீரம் நிறுவனம் அக்குற்றச்சாட்டை மறுத்ததோடு, நூறு கோடிக்கு மேல் மானநட்ட ஈடு கோரப்போவதாகவும் பதிலுக்கு எச்சரித்தது. பாதிப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லையென இந்திய அதிகாரிகள் முடிவு செய்தனர். அம்முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் தன்னுடலை ஆராய்ச்சிக்குத் தந்த ஒருவன் தன் பாதிப்பை முறையிடும்போது, அதற்கெதிரே நூறு கோடி ரூபா என்னும் எச்சரிக்கை நிற்குமாயின், அடுத்து வருபவன் வாய் திறப்பானா? அக்குறணைச் சிப்பந்தி திறப்பாரா?

இவ்விடத்தில், காப்புறுதி ஏற்கெனவே இருக்கின்றதே என்ற மறுப்பு எழும். 2015இன் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை நிறுவி, மருந்துப் பரிசோதனைகளை அதன் அனுமதிக்கு உட்படுத்திற்று. ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுக்கள் விண்ணப்பதாரரிடம் நட்டஈட்டு ஏற்பாடு பற்றியும் காப்புறுதி பற்றியும் கேட்பது வழக்கமே. தீங்குற்றோருக்கு நட்டஈடும் சிகிச்சையும் உறுதிசெய்யப்பட வேண்டுமென ஹெல்சிங்கி பிரகடனமும் கூறுகின்றது. எல்லாம் சரி. அச்சான்றிதழைக் கையில் எடுத்து, காப்புறுதி செய்யப்பட்டவர் யார் என்ற இடத்தை வாசித்தால் உண்மை விளங்கும். பொதுவாக அங்கு காணப்படுவது அனுசரணையாளரின் பெயர். அதாவது, நோயாளி வழக்குத் தொடுத்தால் கம்பனிக்கு நேரக்கூடிய இழப்பிலிருந்து கம்பனியைக் காக்கும் பத்திரம் அது. நோயாளி அங்கு காக்கப்படுபவரல்லர். எதிர்பாராத அபாயத்தின் நிலையிலேயே அவர் நிற்கின்றார். அவர் வழக்காடி வென்றாற்றான் பணம் வரும். வழக்காட அவருக்கு வசதியில்லையென்பது எல்லோருக்கும் தெரியும். தவணைக் கட்டணத்தைக் கணிப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

நோயாளி தன் சொந்தச் செலவிற் காப்புறுதி எடுத்திருந்தாலும் பயன் அரிது. நிரூபிக்கப்படாத சிகிச்சைக்கான செலவை விலக்குதல் காப்புறுதி உலகின் பொதுவான வழக்கம். இந்தியாவில் 2019இல் வகுக்கப்பட்ட நியம விலக்குப் பட்டியலிலேயே அதற்கெனத் தனி இலக்கம் உண்டு. பரிசோதனையிலுள்ள மருந்து வேறென்ன, நிரூபிக்கப்படாததன்றி? இவ்வாறு, கம்பனியின் பத்திரமும் அவரைக் காப்பதில்லை, தன் பத்திரமும் காப்பதில்லை.

ஜேர்மனியில் இது வேறு விதம். அங்குள்ள மருந்துச் சட்டம், பரிசோதனைக்கு உட்படுபவரின் நலனுக்காகவே காப்புறுதி செய்யப்பட வேண்டுமெனவும், எவரும் தவறிழைத்தாரென நிறுவப்படாவிடினும் அது பயன் தர வேண்டுமெனவும், மரணத்துக்கோ நிரந்தர உழைப்பின்மைக்கோ குறைந்தது ஐந்து இலட்சம் யூரோ இருக்க வேண்டுமெனவும் விதிக்கின்றது. ஒரே மருந்து, ஒரே பரிசோதனைத் திட்டம், ஒரே கம்பனி. பெர்லினில் உள்ள நோயாளிக்கு ஒரு பாதுகாப்பும் கண்டியில் உள்ளவருக்கு இன்னொன்றும் என்பது எந்த விஞ்ஞானத்தின் விதி?

எதிர்வாதங்களுள் ஒன்று மட்டுமே கனமானது. காப்புறுதியைக் கட்டாயமாக்கினால், கம்பனிப் பணமின்றி உள்நாட்டு வைத்தியர் நடத்தும் ஆராய்ச்சிகள் அழிந்துபோகும் என்பர். இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. பேராதனை மருத்துவ பீடத்தை மையமாகக் கொண்ட தென்னாசிய நச்சியல் ஆராய்ச்சிக் கூட்டமைப்பின் பணிகள் இதற்குத் தக்க சான்று. விவசாய நஞ்சையோ அலரி விதையையோ உட்கொண்டு வந்தவர்களுக்கு மரக்கரித்தூள் கொடுப்பதனாற் பயனுண்டா என்று இந்நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகள் மூன்றில் 4,632 நோயாளரிடம் ஆராயப்பட்டது. மரணத்தை அது குறைக்கவில்லை என்ற முடிவு 2008இல் வெளிவந்தது. எந்த மருந்துக் கம்பனிக்கும் இலாபமில்லாத கேள்வி அது. கிராமத்து ஏழைக்கு மட்டுமே பயனுள்ள கேள்வி. அத்தகைய ஆராய்ச்சி நின்றுபோகக் கூடாது.

ஆனால் அதே துறையிலிருந்து வேறொரு கதையும் உண்டு. மஞ்சள் அலரி விதையின் நஞ்சுக்கு ஆடுகளிலிருந்து பெறப்படும் மாற்றுமருந்தொன்று பயன் தருமென இலங்கை நோயாளர்மீது நடத்திய பரிசோதனை நிறுவிற்று. 2000இல் அது பிரசுரமாயிற்று. 2001இற் கையிருப்புத் தீர்ந்தபோது, விலை எட்டாத உயரத்தில் இருந்தமையால் அம்மருந்து இந்நாட்டில் இல்லாமற்போயிற்று. இறப்பு கூடிற்று. மருந்தின் பயனை உலகுக்கு நிறுவித் தந்தவர்களின் அயலவர்களே அம்மருந்தின்றி இறந்தனர். பரிசோதனைக்குப் பின்னர் அம்மருந்தைத் தொடர்ந்து பெறும் உரிமையும் காப்புறுதியோடு சேர்த்தே எழுதப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

உள்நாட்டு ஆராய்ச்சியைக் காக்க வழியில்லாமலுமில்லை. 2006இல் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம், 2016 ஏப்ரலில் வெள்ளம், மண்சரிவு ஆகியவற்றுக்கென நாட்டு மக்கள் அனைவரையும் உள்ளடக்கிய காப்புறுதித் திட்டமொன்றைத் தொடங்கிற்று. எவரும் தனியே தவணை கட்டவில்லை. அடுத்த மாதமே அரநாயக்காவில் மலை சரிந்தது. ஒவ்வொரு மழைக்கும் ஆற்றைப் பார்த்துப் பயந்திருக்கும் அக்குறணைக் கடைக்காரருக்கு இத்தகைய காப்புறுதியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. இயற்கையின் சீற்றத்துக்கு அவ்வாறு ஒரு பொதுநிதியைக் கட்ட முடிந்த அரசாங்கம், மருத்துவ ஆராய்ச்சியின் தீங்குக்கும் அதனைச் செய்ய முடியும். பல்தேசியக் கம்பனியின் ஒவ்வொரு பரிசோதனைக்கும் அனுமதியின்போதே கட்டணம் அறவிட்டு அந்நிதியை நிரப்பலாம். கம்பனியற்ற உள்நாட்டு ஆராய்ச்சியை அதன் நிழலில் இலவசமாகச் சேர்க்கலாம். பரிசோதனையால் விளைந்த சிகிச்சைக்கான செலவை வைத்தியசாலை கணக்கிட்டு, நோயாளியிடமன்றி அனுசரணையாளரிடம் பட்டியல் அனுப்புவதும் அதன் பாகமாதல் வேண்டும்.

கட்டணம் அறவிட்டால் கம்பனிகள் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்ற பயமுறுத்தல் புதிதன்று. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாயிருந்த சேனக பிபிலே, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் வாயிலாக மருந்து இறக்குமதியைப் பொதுநலனுக்குக் கீழ்ப்படுத்த முனைந்தபோதும் இதே பயமுறுத்தல் எழுந்தது. இந்நாட்டில் நோயாளரைச் சேர்ப்பது மலிவென்பதாற் கம்பனி வருகின்றதெனில், அம்மலிவின் வித்தியாசத்தைக் கொடுப்பவர் அந்நோயாளரே.

இவற்றிற் பலவற்றுக்குச் சட்டம் வேண்டும், சட்டத்துக்குப் பாராளுமன்றம் வேண்டும், பாராளுமன்றத்துக்கு அவசரமில்லை. ஒன்றுக்கு மட்டும் அது வேண்டியதில்லை. எந்த ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவும் இன்றே ஒரு நிபந்தனை விதிக்கலாம். சம்மதப் பத்திரத்தின் இறுதியிற் சந்தேகம் கேட்பதற்கான தொலைபேசி இலக்கம் அச்சிடப்படும் அதே இடத்தில், காப்புறுதிக் கம்பனியின் பெயரும், பத்திர இலக்கமும், ஒவ்வொருவருக்கும் உரிய தொகையும், தவறு எவருடையதென நிறுவாமலே அது கிடைக்குமா என்பதும் நோயாளியின் மொழியிலே எழுதப்பட்டு, ஒரு பிரதி அவர் வீட்டுக்கு எடுத்துச்செல்லக் கொடுக்கப்பட வேண்டும். இல்லையேல் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படும். கையொப்பமிட்டுவிட்டு ஏழாம் கட்டையில் பஸ்ஸிலிருந்து இறங்கும் முதியவர், கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்த அத்தாளை மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். குழுவின் மேசைக்கு அடுத்து வரும் விண்ணப்பத்திலிருந்தே இதனைத் தொடங்கலாம்.